அம்மா மாட்டிய கதவுகள்

இன்று செங்கல்பட்டில் ஒரு பட்டறையைக் கடந்தபோது வந்த கிரீஸ் வாசனை, கடல் கொண்டுபோய்விட்ட எங்கள் கடப்பாக்கத்து வாசலுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கேதான் அம்மா மீன் ஏற்றும் பழைய வேனை நிறுத்துவாள். உப்புக்காற்றில் இற்றுப்போன கதவுகளைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்டினாள். ஒருநாள் வளைவில் கயிறு அறுந்து நான் மணலில் உருண்டேன். அம்மா மறுநாளே அச்சரப்பாக்கத்தில் பழைய கதவுகள் இரண்டை வாங்கிவந்தாள்.

"மெக்கானிக்க இட்டுகினு வரட்டா?" என்றார் அப்பா.

"நீ கதவ புட்சிகினு நில்லு, போதும்."

கீலைத் தட்டித் தட்டி, நான்கு முறை கழற்றி மாட்டினாள். ஐந்தாம் முறை கதவு 'டப்'பென்று பதிந்து மூடியது. என்னை உள்ளே உட்காரவைத்து, "இப்போ நல்லா சாஞ்சி குந்து" என்றாள். முழு உடம்பையும் கதவின்மேல் சாய்த்தபடி, அம்மாவோடு ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவந்தேன்.