எட்டு லட்சமும் எண்ணெய்க்கறைச் சட்டையும்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் என் மூத்த மகளின் மகன். அவனுடைய தாயும் தகப்பனும் அப்போது மேலே மலையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்காக அவனைக் கீழே, மணிமுத்தாறுக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டில் விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன படித்தானோ, கேட்டுப் பார்க்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அவன் கபடி நன்றாகப் படித்தான். இன்றைக்கு டி.வி.யில் விளையாடுகிறான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். நிமிர்ந்தால் என்ன?

கபடி இப்போது மண்ணில் இல்லை. பெரிய மண்டபத்துக்குள் மெத்தை விரித்து, குளிர்காற்றுப் போட்டு விளையாடுகிறார்கள். எதிர்ப்பக்கத்துக்குள் ஒருவன் பாடிப் போவான், மற்றவர்கள் அவனை மடக்குவார்கள். என் பேரன் மடக்குகிறவன். ஓரத்தில் பதுங்கி நின்று, வந்தவனின் கணுக்காலைக் கவ்விவிடுவான். வரப்போரம் நண்டு பிடித்துப் பழகிய கை. ஆனால் பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல் அதிகம், பணமும் அதிகம். அவர்களில் கோடி ரூபாய்க்குப் போகிறவனும் உண்டு. மடக்குகிறவனுக்கு, அதிலும் புதிதாக வந்தவனுக்கு, கம்மிதான்.

போன வருஷம் அவனையும் ஏலத்தில் சேர்த்தார்கள். கோயில் புளியமரத்தை ஏலம் விடுவதுபோல ஆளை ஏலம் விடுவார்களா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

"ஆளை இல்ல ஆச்சி, ஆட்டத்தைத்தான் ஏலம் கேக்காவ" என்றான்.

எட்டு லட்சத்துக்கு ஓர் அணி எடுத்தது. எங்கள் தெருவில் வெடி போட்டார்கள்.

அந்த எட்டு லட்சம் ஒரு சீசனுக்கு. சீசன் என்பது பயிற்சி முகாமையும் சேர்த்து நாலைந்து மாசம். வரி பிடித்து, ஏலத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்டுக்கும் பங்கு கொடுத்தபின் ஆறு சொச்சம் கைக்கு வந்தது, அதுவும் தவணை தவணையாக. அதில் வீட்டுக்கூரை ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டான். முழங்காலுக்கு ஸ்கேன், வைத்தியம் என்று ஒரு பங்கு போனது. அடுத்த வருஷம் யாரும் எடுக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. மிச்ச மாசங்களில் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை, பதினெட்டாயிரம் சம்பளம். ஓய்வு நாளில் வேறு ஊர் அணிக்குக் கெஸ்ட் பிளேயராகப் போவான். பஸ் காசு, பிரியாணி, கவரில் இரண்டாயிரமோ மூவாயிரமோ கிடைக்கும். சில ஊரில் ஜெயித்தவர்களுக்குக் கிடாய் கொடுப்பார்கள். அதை அங்கேயே அறுத்துத் தின்றுவிட்டு வருவார்கள், வீட்டுக்குக் கொம்புகூட வராது.

ஊருக்குள் அந்த எட்டு லட்சம் எப்படியோ மாசச் சம்பளமாகிவிட்டது. அந்தப் பேச்சு நாங்குநேரி வரைக்கும் போனது. அங்கிருந்துதான் பெண் வீட்டார் வந்தார்கள். கூட்டிவந்தவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. பெண் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து என் பேரன் போனைக் கீழே வைக்கவே இல்லை. அவன் மனசு அங்கே போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெண்ணின் தகப்பனாரும் தாயாரும் வந்து உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தபின் தகப்பனார் மெதுவாகத் தொடங்கினார்.

"மாப்பிள்ளைக்கு மாசம் எட்டு லச்சம்னு அண்ணாச்சி சொன்னாவ."

"நான் மட்டுமா சொல்லுதேன்? ஊரே சொல்லுது வே" என்றார் அண்ணாச்சி.

நான் உள்ளதைச் சொன்னேன். "மாசத்துக்கு இல்லய்யா, சீசனுக்கு. கையில வந்தது ஆறு சொச்சம். மத்த மாசம் கம்பெனியில பதினெட்டாயிரம்."

அவர் முகம் வாடும் என்று பார்த்தால், மலர்ந்துவிட்டது.

"அப்படித்தான் அத்தை சொல்லணும்! ஊரு கண்ணு பொல்லாதது. எங்க வாழையில எத்தனை தாருன்னு கேட்டா, நாங்களும் பாதியத்தான் சொல்லுவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் விளைச்சலை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது யாராவது வந்து கேட்டால், "என்னத்த, ஏதோ சாப்பாட்டுக்கு ஆச்சு" என்போம். கேட்கிறவனும் மனசுக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்வான். நானும் ஆயுசு முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் சொன்ன நிஜமும் அவர் காதில் போய் இரட்டிப்பாகிவிட்டது.

பேரனும் சொல்லிப் பார்த்தான். "மாமா, ஆச்சி சொல்லுததுதான் நெசம்."

"அடக்கமான பிள்ளை" என்று தகப்பனார் தன் வீட்டுக்காரியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பெறவு என்ன? நல்ல நேரம் போயிரும். தட்டை மாத்துங்க" என்று அண்ணாச்சி அவசரப்பட்டார்.

அவனைப் பெற்ற என் மூத்த மகள் என் காதோரம் குனிந்தாள். "சும்மா இரும்மா. நாம ஒண்ணும் பொய் சொல்லலியே."

பொய் சொல்லவில்லைதான். தட்டை மாற்றிவிட்டால் அவன் ஆசைப்பட்டது நடந்துவிடும். ஆனால் அந்தப் பெண்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து, முதல் மாசச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, இவனை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தால்? நான் வளர்த்தவனை ஒருத்தி அப்படிப் பார்க்க நான் விடமாட்டேன்.

எழுந்து, பெண்ணின் தாயாரின் கையைப் பிடித்தேன். "ஏ தாயி, இங்கன வா" என்று புறவாசலுக்குக் கூட்டிப்போனேன். கொடியில் அவனுடைய கம்பெனிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வாரக்கடைசியில் வரும்போது கொண்டுவருவான், நான் துவைத்துப் போடுவேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையிலும் வயிற்றிலும் மிஷின் எண்ணெய்க்கறை போகாது.

"மாசம் எட்டு லச்சம் வாங்குதவனுக்கு இந்தச் சட்டை எதுக்கு தாயி?"

அவள் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு விரலை மோந்து பார்த்தாள்.

"நெசந்தானா அத்தை?"

"நெசந்தான். நெல்லுக்குக் குறைச்சுச் சொல்லுவேன். பிள்ளைக்குக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்."

அவள் உள்ளே போய் வீட்டுக்காரரின் காதில் ஏதோ சொன்னாள். "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்று எழுந்துவிட்டார்கள். கொண்டுவந்த பூவும் பழமும் வந்த வழியே காருக்குத் திரும்பிப் போயின.

அண்ணாச்சிக்கு வந்த கோபத்தைப் பார்க்கணும். "வாசல் வழியா வந்த சம்மந்தத்தைப் புறவாசல் வழியா அனுப்பிட்டியளே ஆச்சி!"

பேரன் புறவாசலுக்குப் போனான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மறுபடியும் வாளிக்குள் முக்கினான்.

"ஏலே, இப்பந்தான் கறை போகணும்னு தோணுதாக்கும்?" என்றேன்.

"போங்க ஆச்சி" என்றான். ஆனால் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் நான் சோறு தின்றேன்.

அடுத்த வாரம் பெண்ணின் தாயார் போன் போட்டாள். என் மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, எம்மவ ஒண்ணு கேக்கச் சொன்னா."

"கேளு தாயி."

"மாசம் எட்டு லச்சம் சம்பாதிக்கவன் வேலைக்கு விடமாட்டான்னு அவ இந்தச் சம்மந்தமே வேண்டாம்னுட்டு இருந்தா. நாங்கதான் அவ சொல்லக் கேக்காம வந்தோம். பதினெட்டாயிரம்னா வேலைக்கு விடுவாவளான்னு கேக்கா."

"அவளுக்குச் சம்பளம் எம்புட்டு?"

"இருபத்தொண்ணு."

"சீசன் இல்லாத மாசத்துல எங்க பயலைவிடக் கூட! அவளை வேலையை விடச் சொல்ல எங்களுக்கு என்ன கிறுக்கா?"

அந்தப் பக்கம் இன்னொரு குரல் சிரித்தது. அது பெண்தான். இந்தப் பக்கம் என் பேரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"ஒன் வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?" என்றேன்.

"அவிய இன்னும் நீங்க குறைச்சுத்தான் சொல்லுதியன்னு நம்புதாவ அத்தை. நம்பிட்டுப் போட்டும். கெட்டிக்கிடப் போறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

தை மாசம் கல்யாணம். அதற்குள் சீசன் முடிந்துவிடும். அண்ணாச்சிக்குக் கோபம் தீர்ந்து, மளிகைச் சாமான் முழுதும் தன் கடையில்தான் எடுக்கவேண்டும் என்று இப்போதே பிடிவாதம் பிடிக்கிறார். இந்த வருஷமும் ஓர் அணி பேரனை எடுத்திருக்கிறது. ஒன்பது லட்சம். ஒரு சீசனுக்கு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் இளைய மகனின் மகள். கை வலிக்கிறது என்று விரலைச் சொடுக்குகிறாள். இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

ஏட்டி, எழுதினதை மொதல்ல இருந்து பைய வாசி. தொகையை எங்கயாவது கூட்டியோ கொறைச்சோ எழுதியிருக்கியான்னு நான் கேக்கணும்.