பட்டியலில் இல்லாத எட்டு வீடுகள்

போன அக்டோபர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் பேத்தி ஜெனிக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் இருபத்தேழு செய்திகள் அனுப்பியிருந்தேன். இருபத்தேழும் ஒற்றை டிக்.

அன்பான பங்கு மக்களே, எனக்கு எழுபத்தாறு வயது. முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அந்த நான்கு நாட்களைப் போல் நான் என்றும் நடுங்கியதில்லை.

ஜெனி திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு வருடம் ஜெர்மனியில் படிக்க அவளைக் கல்லூரியிலிருந்து அனுப்பினார்கள். போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வியாழக்கிழமை எனக்கும் அவளுக்கும் போனில் சண்டை.

சண்டை ஜெபமாலை மாதத்துப் பட்டியலைப் பற்றியது. அக்டோபரில் கோவிலிலிருந்து மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும்; அங்கே எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வோம். பத்தொன்பது வருடமாக அந்தப் பட்டியலை எழுதுகிறவன் நான். மாதத்துக்கு முப்பத்தொரு நாள், நம் தெருவில் முப்பத்தொரு வீடு. குளத்தங்கரையில் நம் பங்குக் கோவிலைச் சேர்ந்த எட்டு வீடுகள் உண்டு. அங்கே சுரூபம் போனதில்லை. கேட்டால் காலண்டரைக் காட்டுவேன்.

"தாத்தா, இங்க எங்க மாடியில ஒன்பது நாட்டுப் பிள்ளைங்க. ஒரே அடுப்பு, ஒரே மேசை. வந்த அன்னைக்கு யார் பக்கத்துல உக்காரலாம்னு யோசிச்சேன். எனக்கே வெக்கமாப் போச்சு. குளத்தங்கரைக்கு மாதா ஏன் போறதில்ல?"

"நாள் இல்ல."

"மாதாவுக்கு நாள் இல்லையா, ஒங்களுக்கா?"

"நாப்பது நாள்ல பெரிய மனுஷி ஆயிட்டியோ?" என்று போனை வைத்துவிட்டேன். அன்று மாலை ஜெபமாலையில், "ஆண்டவரே, இவள் புத்தியைப் பழையபடி ஆக்கும்" என்று வேண்டினேன். மறுநாளிலிருந்து அவள் குரலே இல்லை.

கோபமாக இருப்பாள் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் மணிக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தேன். ஷார்ஜாவில் இருக்கும் என் மகன் சகாயம், ஜெனியின் அப்பா, அவளுடைய ஜெர்மனிக் கல்லூரிக்கு மெயில் போட்டான். சனி, ஞாயிறு விடுமுறை. திங்களன்றும் பதில் இல்லை. மருமகள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. நான் கேட்ட வரத்தை ஆண்டவர் வேறு விதமாகக் கொடுத்துவிட்டாரோ என்று பயந்தேன். பேசாத பிள்ளை எதிர்க் கேள்வி கேட்காது அல்லவா?

பதின்மூன்றாம் தேதி, திங்கள் மாலை, எங்கள் வீட்டு முறை. சுரூபம் வந்தது. உள்ளே ஐம்பத்திரண்டு பேர். அந்த நிலையிலும் எண்ணினேன். கேட்டுக்கு வெளியே இன்னும் ஆறு பேர் நின்றார்கள். எல்லோரும் குளத்தங்கரை. முன்னால் டிராக்டர் ஓட்டும் செங்கோல்.

"என்ன செங்கோலு, இங்கிட்டு?"

"ஜெனிப் பாப்பாகிட்டேருந்து போனே வரலைன்னாங்க சார். நாங்க வெளிய நின்னே ஜெபமாலை சொல்லிட்டுப் போறோம். நீங்க ஆரம்பிங்க."

பக்கத்து வீட்டு அந்தோணிசாமி என் காதருகே வந்து, "பாய் பத்தாது சார்" என்றார்.

"ஏழு பாய் சும்மா கிடக்கு. எண்ணித்தான் சொல்றேன்" என்றேன்.

கேட்டைத் திறந்தேன். "உள்ள வாங்க." பத்தொன்பது வருடமாக 'வா, போ' என்று பேசிய செங்கோலிடம் 'வாங்க' என்றேன். நல்ல மனதால் அல்ல, பயத்தால்தான். அதை மறைக்க மாட்டேன்.

அன்று மணி உருட்டும்போது எண்ணிக்கை தவறியது. என் வாழ்நாளில் முதல் முறை. "ஆண்டவரே, அவள் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும். உயிரோடு இருக்கட்டும்." இவ்வளவுதான் வாயில் வந்தது.

செவ்வாய் காலை பதினொன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"தாத்தா, அழாதீங்க. குடல்வால் வெடிச்சிருச்சு. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மூணு நாளா எனக்கு நெனவே சரியா இல்ல. போன் ரூம்லயே கிடக்கு. ஒங்க நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம்."

பக்கத்து அறையில் ராணியா என்று ஒரு சிரியா தேசத்துப் பெண், இஸ்லாமியப் பிள்ளை. முனகல் கேட்டு ஆளைக் கூட்டிவந்து கதவைத் திறக்கச் செய்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் ஜெனியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் ஜெபித்தாளாம். "அதுக்கு முன்னால எங்கூடப் பத்து வார்த்தை பேசியிருப்பா தாத்தா" என்றாள் ஜெனி. எனக்குச் செங்கோல் கேட்டருகே நின்றது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்டில் ஜெனி நலமாகத் திரும்பினாள். முன்னைவிட இரண்டு மடங்கு கேள்வி கேட்கிறாள். மேற்படிப்புக்கு மறுபடி போவேன் என்கிறாள். எனக்கு இன்றும் பயம்தான். ஆனால் அவள் பழையபடி ஆக வேண்டும் என்று இப்போது நான் ஜெபிப்பதில்லை.

இந்த அக்டோபருக்குப் புதுப் பட்டியல் எழுதிவிட்டேன். முப்பத்தொரு நாள், முப்பத்தொன்பது வீடு. எட்டு நாட்கள் மட்டும் மாலையில் இரண்டு வீடு. கணக்கு எப்போதுமே இடம் கொடுத்தது. நான்தான் போட்டுப் பார்க்கவில்லை. நம் தெருவில் இரண்டு வீட்டார் இந்த வருடம் தங்களுக்கு முறை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்களுக்கும் சேர்த்தே இந்தச் சாட்சியை எழுதுகிறேன். நானும் பத்தொன்பது வருடம் அப்படி இருந்தவன்தான். என்னைத் திருத்த ஆண்டவருக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது. அந்த நான்கு நாள் உங்களுக்கு வர வேண்டாம். அவரை நம்பிக் கதவைத் திறங்கள். பதினேழாம் தேதியிலும் இருபத்தாறாம் தேதியிலும் உங்கள் பெயர்களை நான் அடிக்கவில்லை.