செருப்புச் சத்தம்

மலேசியாவில், லாபு பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். குடலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். மருந்து இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெற்றியில் தைலம் தேய்ப்பேன். வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகு ரசத்தை ஊட்டுவேன். மாலையில் எல்லாம் வாந்தியாக வந்துவிடும். மருந்து அப்படி.

முதலில் தைலம் ஆகாமல் போனது. வீட்டில் மூடியைத் திறந்தாலே குமட்டினார். தூக்கி எறிந்தேன். அடுத்தது ரசம். ரசம் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது என்று அதையும் விட்டேன். பிறகு ஒரு நாள் பள்ளி முடிந்து வந்தேன். வாசல் சிமெண்டில் என் ரப்பர் செருப்பு சப் சப்பென்று கேட்டதும் உள்ளே அவர் ஓங்கரித்தார், கட்டிலடியில் வாந்தி எடுக்கும் பேசினைத் தேடினார். என் கையில் சாப்பாடும் இல்லை, தைலமும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

ஆசிரியர் பயிற்சியில் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். ரஷ்யப் பேராசிரியர், நாய், மணி, எச்சில். மணி அடித்துச் சாப்பாடு போட்டுப் பழக்கினால், பிறகு மணி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். எல்லாருக்கும் மணிதான் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த மனிதர் மனத்தை ஆராயப் புறப்படவே இல்லை. நாய்க்குச் சாப்பாடு எப்படிச் செரிக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாய்களோ சாப்பாடு வாயில் படும் முன்பே, கொண்டுவரும் ஆளின் காலடி கேட்டதுமே எச்சில் விட்டன. எல்லாம் அங்கேதான் தொடங்கியது. விரிவுரையாளர் அதைச் சொன்னபோது வகுப்பில் சிரித்தோம். இப்போது அந்தக் காலடி என்னுடையது.

மணி அடித்துக்கொண்டே இருந்து சாப்பாடு வராவிட்டால் எச்சில் மெல்ல வற்றிவிடும் என்பதும் பாடத்தில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். சும்மா உள்ளே போவேன், சும்மா உட்காருவேன். சோப்பை மாற்றினேன், வெறுங்காலில் நடந்து பார்த்தேன். கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும்போது அடுத்த மருந்து நாள் வந்து நிற்கும்; பக்கத்தில் நான், மறுபடி வாந்தி. மருந்துக்கு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றால், "நீ வரமாட்டியா?" என்று முகத்தைப் பார்ப்பார். எப்படி விடுவது?

எடை இன்னும் இறங்கினால் மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சினேன். "அக்கா, கஞ்சி நான் வச்சுத் தர்றேன். நீங்க செஞ்சதுன்னு சொல்லிக் குடுங்க."

"என்னா டீச்சரு, சொந்தப் புருசனுக்குச் சோறு குடுக்க ஆள் புடிக்கிறியே லா!" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

நான் குசினியில் அடுப்போரம் அசையாமல் நின்றேன். கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம் கேட்டது. சாப்பிடுகிறார்! வயிறு குளிர்ந்தது. அடுத்த நிமிடமே அந்த அக்கா மேல் பொறாமையில் எரிந்தேன்.

அந்த ரஷ்யருக்குப் பின் ஓர் அமெரிக்கர் வந்தார். மனம், உணர்வு என்றெல்லாம் பேசாதே, கண்ணுக்குத் தெரிகிற நடத்தையை மட்டும் எழுது என்றார். ஒரு கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்பைத் தட்டி, எலியைக் கண்டாலே அழ வைத்தார். அவர் என் வீட்டுக்கு வந்தால் என்ன எழுதுவார்? மனைவியைக் கண்டால் கணவருக்குக் குமட்டுகிறது. அவ்வளவுதான் எழுதுவார், பாவி.

கரண்டிச் சத்தம் நின்றது.

"அக்கா, கஞ்சி டீச்சர் வச்சதுதானே?" என்று கணவர் கேட்டார்.

அவர் குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "டீச்சர், உள்ள வா லா. பரவால்ல, பேசினைப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சாப்பிட்ட கஞ்சி வயிற்றில் தங்கவேண்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனேன்.