வால் குந்திய கான்பெரா

வானில் பறக்கும் விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டிவிடலாம்; அது தரும் தொல்லையைச் சுருக்குவதற்கு மட்டும் இதுவரை எவரும் வழி கண்டதில்லை. கடுகளவுத் துண்டு ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துவிட, அதைத் தேடித் தரையில் முழங்கால் தேய்ந்த வாசகர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவள். சிதம்பரத்தில் இருக்கும் விஜயா என் மகளின் மாமியார். தாவரவியல் படித்தவர், இலை நரம்புகளை வரைந்து பழகிய கை. மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போனபோது பாதியில் விட்டுச் சென்ற பிளாஸ்டிக் விமானம் ஒன்றை நாங்கள் இருவரும் முடித்து வைத்தோம். அதிலிருந்து தொடங்கியது இது. ஒட்டுவது நான், வண்ணம் தீட்டுவது அவர்.

சென்ற ஆண்டு கடலூரில் நடந்த பொழுதுபோக்குக் கண்காட்சிக்கு எங்கள் விமானம் ஒன்றைக் கொண்டுபோனோம். மாதிரி விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் மண்டபத்தின் நடுவே ஒரு நீண்ட மேசை இருந்தது. பொறுப்பாளரான இளைஞர் எங்கள் இருவரையும் பார்த்தார், விமானத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒயர் கூடைகளுக்கும் உல்லன் பூக்களுக்கும் நடுவில் அதை வைத்தார். அடுத்த ஆண்டு நடு மேசை, இல்லையேல் கண்காட்சியே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம். அதற்கெனத் தேர்ந்தெடுத்ததுதான் கான்பெரா: நம் விமானப்படையில் ஒரு காலத்தில் பறந்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம்.

மடியில் ஓர் இறக்கை

ஒட்டுமிடம் கடலூர், வண்ணம் தீட்டுமிடம் சிதம்பரம் என்றாகிவிட்டதால் எங்கள் விமானங்கள் அனைத்தும் முதலில் பேருந்தில்தான் பயணம் செய்கின்றன. பாகங்களைப் பஞ்சில் பொதிந்து எவர்சில்வர் சம்படத்தில் வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு போவேன். புதுச்சத்திரத்து வேகத்தடை வரும்போது சம்படத்தை மடியிலிருந்து சற்றே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

ஒருநாள் கூட்ட நெரிசலில் நடத்துநர் சம்படத்தை மேலே வைக்கச் சொன்னார். மறுத்தேன். உள்ளே என்ன என்றார். விமானத்தின் இறக்கை என்றேன். மூடியைத் திறந்து காட்டியதும், பயணச்சீட்டுப் பையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நெருக்கி நின்றவர்களைப் பார்த்து அதட்டினார்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. ஏரோப்ளேனே எறங்கி வந்து நம்ம பஸ்ல ஏறுதுன்னா அதுக்கு ஒரு மரியாத வேணாம்?"

கால் தம்ளர் பச்சை

வண்ணம் ஏன் சிதம்பரத்துக்குப் போகிறது என்று கேட்பீர்கள். என் வீட்டில் கடற்காற்றின் ஈரம் அதிகம். காலையில் தெளித்த வண்ணம் மாலைக்குள் சாம்பல் பூசணிக்காய்போல் வெண்மை பூத்து நிற்கும். விஜயாவோ தெளிப்பதே இல்லை. நல்ல வெயில் ஏறிய பிறகு மாடியறையில் அமர்ந்து, தூரிகையால், நீர்போல் மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று தீட்டுகிறார். கான்பெராவின் முதுகில் பச்சையும் சாம்பலும் சந்திக்கும் வளைகோட்டை, ஒட்டுத்தாள் ஏதும் மறைப்பாக வைக்காமல், வெறும் கையால் ஒரே இழுப்பில் போட்டார். நான் பாராட்டுவதில் தாராளம் காட்டுகிறவள் அல்ல. அன்று அவருடைய தூரிகையை வாங்கி நானே கழுவி வைத்தேன்.

அந்தப் பச்சைக்காக நாங்கள் இருவரும் ஒரு வண்ணக் கடையில் நின்றோம். இலையொன்றைக் காட்டி, அதைவிடச் சற்று மங்கலாக, கால் தம்ளர் போதும் என்றார் விஜயா. கடைக்காரர் சிறிய டப்பாவாகத் தேடி எடுத்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "இதுக்குக் கம்மியா கெடையாதும்மா. மீதிய வீணாக்காதீங்க, ஒங்க ஏரோப்ளேன் எறங்கற எடத்தையும் சேத்து அடிச்சிடுங்க."

வலைக்கடை

சக துன்பதாரிகள் அறிவார்கள்: மூக்கின்கீழ் சக்கரம் கொண்ட விமானத்தை உள்ளே எடை வைக்காமல் ஒட்டினால், அது முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். உலோகத்தாலான உண்மை விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை. உள்ளீடற்ற பிளாஸ்டிக்குக்கு உண்டு. இதற்கு ஈயத்தைவிடச் சிறந்தது இல்லை; ஈயத்துக்குக் கடலூர் முதுநகரின் வலைக்கடைகளைவிடச் சிறந்த இடமும் இல்லை. வலையின் அடிவிளிம்பில் கோக்கும் ஈயக்குண்டுகளைக் கேட்டேன். எந்த வலைக்கு என்று கேட்டார் கடைக்காரர். வலைக்கு அன்று, விமானத்தின் மூக்குக்கு என்று காரணத்தோடு விளக்கினேன்.

அவர் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு குண்டாகக் கையில் உருட்டிப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். "எங்களுக்கு முன்னாடி கனம் ஜாஸ்தியானா படகு முங்கிடும். ஒங்களுக்குக் கனம் இல்லன்னா ஏரோப்ளேன் குந்திடும். ஆகமொத்தம் ரெண்டு பேருக்கும் எங்கடைதான்."

நடக்கத் தடை

குண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி, விமான உடலின் இரு பாதிகளோடும் அதே சம்படத்தில் வைத்துச் சிதம்பரத்தில் சேர்த்தேன். விமானி அமரும் அறைக்கு வண்ணம் தீட்டிய பிறகே இரு பாதிகளையும் சேர்த்து ஒட்ட முடியும் என்பதால், அந்த ஒட்டுவேலையை மட்டும் விஜயாவிடம் விட்டேன். அன்றே விமானியின் இருக்கை கீழே விழுந்து காணாமற்போயிற்று. வீட்டை எவரும் பெருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. விஜயாவின் கணவர் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தபோது நாங்கள் இருவரும் ஒரே குரலில் தடுத்தோம். வாசற்படியிலேயே நின்று சொன்னார் அவர்: "கூட்டவும் கூடாது, நடக்கவும் கூடாது. அப்ப அந்தச் சீட்டு கெடைச்சா எனக்கே குடுங்க, நான் பறந்தே உள்ள வந்துடறேன்."

வால் குந்திய நாள்

இருக்கை கிடைத்தது, உடல் ஒட்டப்பட்டது, இறக்கையும் வண்ணமும் சின்னங்களும் ஏறின. கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, சக்கரங்களைப் பொருத்தி விமானத்தை மேசையில் நிறுத்தினோம். அது பணிவாக மூக்கை உயர்த்தி, வாலை மேசையில் வைத்து உட்கார்ந்தது.

"சம்பந்தி, ஈயம் எங்க?" என்றேன்.

"எந்த ஈயம்? அந்தப் பொட்டலமா? டப்பா பஸ்ல ஆடாம இருக்கணும்னு அடியில போட்டு எடுத்தாந்திருக்கீங்கன்னு இல்ல நெனச்சேன்! நல்ல ரோசனதான்னு பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்."

"மூக்குக்கு எடை வேணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கற எஞ்சினுக்குள்ள நீங்க வச்சி முடிச்சிதான் எடுத்தாந்திருப்பீங்கன்னு நெனச்சேன். கணக்கு டீச்சர் கணக்குல தப்பு வுடுவாங்களா?"

ஒட்டிய வரியோடு உடலை அறுத்துத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றேன். அறுத்தால் முதுகின் வளைகோடு போய்விடும்; அது போனால் நடு மேசையும் போய்விடும். விஜயா எழுந்து போய், தம் மாமியாரின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்தார். ஈயம் மென்மையானது; பாக்குப்போலவே வெட்டுப்பட்டது. குண்டுகளைச் சீரகம் அளவுக்கு நறுக்கினார். விமானத்தைத் துணிமேல் மல்லாத்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, அது மடங்கும் குழியின் கூரையில் ஊசித் துளைப்பானால் ஒரு துளையிட்டார். துளை வழியே பசையும் துணுக்குமாக உள்ளே செலுத்தினார். இடையிடையே விமானத்தை இரு விரல்நுனிகளில் ஏந்தி, சமநிலையைக் கணக்கிட்டு "இன்னும்" என்று சொல்வது மட்டும் என் பங்கு. கடைசியில் துளையை அடைத்து வண்ணம் தொட்டு, சக்கரத்தைப் பொருத்தி நிறுத்தினார். முன்சக்கரம் மெல்ல இறங்கி மேசையைத் தொட்டது. பெருமூச்சு விடுவதற்குள் எனக்கு உத்தரவு வந்தது: "ஃபேன ஃபுல்லா வைங்க சம்பந்தி. அது நிக்குதா, நாம குந்தறோமான்னு பாத்துடுவோம்."

நடு மேசை

அது நின்றது. மறுநாள் கண்காட்சி வாசலில் அதே இளைஞர். சம்படத்தைக் கண்டதுமே, "கைவேலையெல்லாம் அந்த ஓரம்மா" என்று கைகாட்டினார். நான் பேசத் தொடங்குமுன் விஜயா மூடியைத் திறந்தார். கான்பெராவை அவருடைய மேசைமீதே நிறுத்தினேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். வாலை ஒரு விரலால் தொட்டு அழுத்தினார். மூக்கு எழுந்து, விட்டதும் தானாக இறங்கி நின்றது. "நல்ல எடை. ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டுடணும், இல்லன்னா அவ்ளோதான்" என்றார். "நாங்க ஒட்டன பொறவுதான் போட்டோம்" என்றார் விஜயா. அவர் நம்பவில்லை. அனுமதி கேட்டு விமானத்தைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் அடிவயிறு முழுவதும் ஆராய்ந்தார், சக்கரக்குழிக்குள்ளும் பார்த்தார். துளையிட்ட இடத்தை அறிந்த எனக்கே அது தெரியவில்லை; அவருக்கு எப்படித் தெரியும்? விமானத்தை மெதுவாகக் கீழே வைத்தார். மண்டபத்தின் உள்பக்கம் திரும்பி உரக்கக் கூவினார்: "மச்சான், நடு மேசையில அந்தக் கப்பலக் கொஞ்சம் நவுத்து வையி. அம்மாங்களோட ப்ளேன் எறங்குது!"

இத்தொழிலில் இறங்க நினைப்போருக்கு நான் தரக்கூடிய அறிவுரை ஒன்றே: பசையைத் திறப்பதற்கு முன் சம்பந்தியிடம் வாய்திறந்து பேசிவிடுங்கள், அது இயலாதெனில், வீட்டில் ஒரு நல்ல பாக்குவெட்டியாவது இருக்கட்டும்.