சர்வேக்கல் அம்மன்

மண்டகப்பட்டு சுப்பராயலுவுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு காணிக் கொல்லை, ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஆயுள் முழுக்க அந்தக் கொல்லையில் மல்லாட்டை விதைத்தார், மல்லாட்டை பிடுங்கினார். வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கொல்லை நடுவே சர்வேக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். அங்கே சூரிய மின்சாரப் பூங்கா வரப்போகிறதாம். அதை அரசு நடத்துவதா, தனியார் நடத்துவதா என்று சட்டசபையில் விவாதம். சுப்பராயலுவும் அவர் மனைவி பாஞ்சாலியும் டிவியில் பார்த்தார்கள். மின்சாரம் மக்கள் சொத்து என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். தனியார் வந்தால்தான் விளக்கு எரியும் என்று இன்னொருவர் தட்டினார். நிலத்தை எடுப்பதில் மட்டும் இருவருக்கும் பேதமே இல்லை. வெட்கங்கெட்ட ஒற்றுமை!

"யாரு எடுத்துக்கினா நல்லதுன்னுதான் பேசிக்கினு இருக்காங்க. எடுக்கலாமான்னு ஒருத்தனும் கேக்கலையேய்யா," என்றாள் பாஞ்சாலி.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் பூசிய கல்லைக் கலெக்டரே வந்தாலும் தொடமாட்டார். மறுநாள் காலையில் சுப்பராயலு அந்தச் சர்வேக்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, எல்லையம்மன் ஆக்கிவிட்டார்.

அளக்க வந்த சர்வேயர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் நட்ட கல்லுதாங்க. ஆனா இப்ப எப்படிங்க கை வைக்கிறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

விஷயம் சட்டசபைக்குப் போயிற்று. "ஆயிரம் ஆண்டு பழமையான எல்லையம்மன் கோயிலை இடிக்கப் பார்க்கிறீர்களா?" என்று ஓர் உறுப்பினர் முழங்கினார். கல்லை நட்டே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரு தரப்பும் பதறி, பூங்காவை வேறு ஊருக்குத் தள்ளிவிட்டார்கள். சுப்பராயலு வீட்டில் அன்று பாயசம்.

பாயசம் ஆறுவதற்குள் ஊராட்சித் தலைவர் மணிமாறன் ஆட்களோடு வந்து நின்றார்.

"பெரியப்பா, ஆடியில கூழ் ஊத்தணும். கொல்லையைச் சமமாக்கிடலாம்."

"அது என் நெலம்பா!"

"சட்டசபையிலயே கோயிலுன்னு சொல்லிட்டாங்களே. சாமி தனியார் கையில இருந்தா நல்லாவா இருக்கும்? பொதுவுல இருக்கட்டும்."

அது வெறும் சர்வேக்கல் என்று சொல்ல சுப்பராயலு வாயெடுத்தார். சொன்னால் பூங்கா திரும்பி வரும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மல்லாட்டை விதைக்கவேண்டிய ஆடிப்பட்டத்தில் கொல்லை முழுக்கப் பந்தல் போட்டார்கள். சீரியல் விளக்குக்கு அவர் மோட்டார் கொட்டகையிலிருந்தே கரண்ட் இழுத்திருந்தார்கள். சுப்பராயலு தூக்குவாளியோடு கூழ் வாங்கப் போனார். வரப்பிலேயே மணிமாறன் நிறுத்தினார்.

"பெரியப்பா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க. சாமி எடம்."

சுப்பராயலு தன் கொல்லையை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.