எரிச்சல் நின்றுபோன கால்கள்

சிவகாசியில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருகிற உபாதைகள் எல்லா ஊரிலும் உள்ளவைதான். தலைசுற்றல், அசதி, மூச்சு வாங்கல், நெஞ்செரிச்சல். வெடி விபத்தில் கருகியவர்களை என்னிடம் கொண்டு வர மாட்டார்கள். அவர்களை நேரே தீக்காயப் பிரிவுக்குக் கொண்டு போய்விடுவார்கள். தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த அந்த மனிதருக்கும் சாதாரணக் காலெரிச்சல்தான்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. நகக்கண்ணில் அலுமினியத் தூள் வெள்ளியாக அப்பியிருந்தது. கூட வந்த மனைவிதான் பேசினார்.

"தண்ணி வாளிக்குள்ள காலை விட்டுக்கிட்டே உக்காந்திருக்காக டாக்டரம்மா. ஈரச் சாக்கைச் சுத்தி விட்டாத்தான் கண்ணை மூடுதாக."

"என்ன வேலை பாக்கீக அண்ணே?"

"மருந்து ரூம்லம்மா. கலவை போடுதேன்."

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். முன்பு காட்டில் விவசாய வேலைக்குப் போனவர், மழை பொய்த்த பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு வந்தவர். ரத்தத்தைப் பரிசோதித்தால் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. தனக்கு அப்படியொரு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. பல காலமாகவே இருந்திருக்க வேண்டும், கால் நரம்புகள் கெடுகிற அளவுக்கு. மாத்திரை எழுதிக் கொடுத்தேன், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். திடீரென்று வேர்த்து, கை நடுங்கி மயக்கம் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள் என்று மனைவியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுமுறை வந்தபோதும் சர்க்கரை இறங்கவேயில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். மனைவி "போடுதாக" என்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"காலைல போடுறதில்லம்மா. வெயிலுக்கு முந்திக் கலவையை முடிக்கணும். வெறும் வயித்தோட போயிருவேன். அன்னைக்கு ஒரு நாள் சல்லடையைப் பிடிச்ச கை தடதடன்னு ஆடிப் போச்சு. அங்கன கை ஆடலாமா? நான் மட்டுமா போவேன்? அடுத்த ரூம்ல நாலு பொம்பளைக உக்காந்திருக்காக."

என் மேஜையில் மருத்துவப் புத்தகங்கள் இருந்தன. நோயாளி மாத்திரையை நிறுத்துவதற்கு அவற்றில் சொல்லியிருந்த காரணங்களில் இது இல்லை. சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடாத வேறு மாத்திரைக்கு மாற்றினேன். இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றேன். தலையாட்டினார். அதன்பின் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது.

சித்திரை வெயிலில் ஒருநாள் சிரித்த முகமாக வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"எரிச்சல் சுத்தமா நின்னு போச்சு தாயி. இப்ப நல்லா உறங்குதேன்."

என்னால் அந்தச் சிரிப்பில் பங்கெடுக்க முடியவில்லை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டேன். தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். கட்டைவிரல், குதிகால், பாதத்தின் விளிம்பு. அவர் கண்ணை மூடியபடி, முகத்தில் அதே சிரிப்போடு, நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எரிச்சல் நின்றது குணமானதால் அல்ல, நரம்பு செத்துப்போனதால் என்று அவருக்குப் புரியவைக்க நேரமாயிற்று. இனி ஒரு நிமிஷம்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செருப்பைக் கேட்லயே கழத்திப் போட்டாத்தாம்மா உள்ள விடுவாக" என்றார் அவர். "செருப்புல கல்லு மண்ணு ஒட்டி வந்து உரசித் தீப்பொறி வந்துருச்சுன்னா? அது சரிதானே?"

சரிதான். அந்த விதியில் ஒரு தப்பும் இல்லை. மருந்து அறையில் ரப்பர் விரிப்பு உண்டு, ஆனால் அறைக்கு அறை போகிற பாதை சரளை மண், இரு பக்கமும் சீமைக்கருவேலம். வேறு வேலை கேட்டுப் பாருங்கள் என்றேன். போர்மேனிடம் கேட்டிருக்கிறார். சீசன் முடியட்டும், தீபாவளி லோடு போனதும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன். சில நாள் பார்த்திருக்கிறார். சீசன் சூடுபிடித்ததும் விட்டுவிட்டார்.

தீபாவளி நெருங்கியது, மழையும் பிடித்தது. என் கூடம் காய்ச்சல்காரர்களால் நிரம்பிக்கிடந்தது. அந்தக் கூட்டத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இவரும் இருந்தார். குளிர்காய்ச்சல், வாந்தி.

"ஊரே காய்ச்சல்ல கிடக்கு, இவுகளுக்கும் ஒட்டிக்கிருச்சு" என்றார் மனைவி. வந்தவர் நொண்டவில்லை. சாதாரணமாகவே நடந்து வந்து உட்கார்ந்தார்.

வேட்டியை விலக்கிக் காலைக் காட்டச் சொன்னேன். வலது பாதம் பொதபொதவென்று வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. உள்ளங்காலில் ஒரு கறுத்த புள்ளி. இடுக்கியால் இழுத்தபோது கருவேல முள் நீளமாக வந்தது, பின்னாலேயே சீழ். என் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மட்டும் யாருடைய காலையோ பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"குத்துனது தெரியவே இல்லையா அண்ணே?"

"தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா தாயி."

அன்றே மதுரைக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தீபாவளியன்று அவர் அங்கே வார்டில் கிடந்தார்.

பிறகு செயற்கைக் கால் கிடைத்தது. ஊன்றி நடக்கப் பழகினார். வீட்டிலிருந்தபடி பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றினார். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கே மனைவி பேக்கிங்குக்குப் போனார். என்னிடம் மாதாமாதம் வந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. எல்லாம் ஒருவாறு சமாளித்தாயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

மாசியில் ஒரு காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, அவர் சுவரில் சாய்ந்து அசதியாக இருக்கிறது என்றிருக்கிறார். உடம்பெல்லாம் வேர்வை. அந்த அம்மா ஓடிப்போய்ச் சீனியைக் கரைத்து ஊட்டியிருக்கிறார். தெளியவில்லை என்றதும் ஆட்டோவில் தூக்கி வந்தார்.

ஈசிஜி ஓடும்போதே தெரிந்துவிட்டது. பெரிய மாரடைப்பு. நெஞ்சு வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். காலில் செத்த நரம்பைப் போலத்தான் நெஞ்சிலும். வலியைச் சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினேன். விருதுநகரைத் தாண்டவில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டு போன பிறகு உறவினர் ஒருவர் போனில் பேசினார். போனை வாங்கிய அந்த அம்மா அழவில்லை. "சீனித் தண்ணி குடுத்தேனே டாக்டரம்மா, அதுனாலயா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுனால இல்லம்மா. நீங்க சரியாத்தான் செஞ்சீக."

பதினாறு கழிந்து நேரில் வந்தார். தனக்கு எந்த உபாதையும் இல்லை என்றார். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே வந்து அதையே மறுபடி கேட்டார். நானும் அதையே மறுபடி சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். கம்பெனி வண்டி வருகிற நேரம் என்றார்.