அம்மா விழுங்காத மூன்று மாத்திரைகள்

“இதயம் வீங்குனவள, நீ ஒத்தையில மதுரை வரைக்கும் கூட்டிட்டுப் போயிடுவியாக்கும்?”

கேட்டது என் மாமா. அம்மாவின் தம்பி.

போவேன் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மாவின் மருந்துச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரே ஆளும் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு... ஏன் மறைக்க வேண்டும்?

மதுரையில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். போன வெள்ளிக்கிழமை காலை பெரம்பலூரில் பஸ் ஏறினோம். கையில் ஃபைல், ஈசிஜி, வேளைவாரியாகப் பிரித்த மாத்திரை டப்பா. எதில் குறை?

சிறுவாச்சூர் தாண்டியதும் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“பாப்பா... மூச்சு முட்டுதுடி.”

உதடு கறுத்திருந்தது. கணுக்காலை அழுத்திப் பார்த்தேன் — விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

பின் சீட்டுப் பெண்மணி எழுந்து வந்தார். “சாச்சுப் படுக்க வையி தாயி, சரியாப் போயிடும்.”

“வேணாங்க! படுத்தா இன்னும் முட்டும். உட்காரட்டும்.”

கண்டக்டரைப் பார்த்துக் கத்தினேன். “அண்ணே, வண்டிய நிறுத்துங்க!”

“திருச்சி வரைக்கும் நிக்காத வண்டிம்மா இது. அங்க போயிட்டா பெரிய ஆஸ்பத்திரியே இருக்கு.”

“திருச்சி வரைக்கும் தாங்காதுண்ணே. பாடாலூர்ல நிறுத்துங்க. 108-க்குப் போன் போட்டுட்டேன்.”

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி விசில். வண்டி ஓரங்கட்டுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

பாடாலூரில் ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்துக் கேட்டேன்.

“காலையில மாத்திரை போட்டல்ல?”

 அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மூன்று வெள்ளை மாத்திரைகள். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை. மூன்று நாளாகப் போட்டதுபோல் பாவனை செய்து, முடிந்து வைத்திருக்கிறாள்!

திட்ட வாயெடுத்தேன். ஆம்புலன்ஸ் முந்திக்கொண்டது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், ஊசி. மதியத்துக்கு மேல்தான் அம்மாவால் மூச்சு வாங்காமல் பேச முடிந்தது.

“ஏம்மா மாத்திரைய நிறுத்துனீங்க? உசுரே போயிருக்கும்,” என்றார் டாக்டரம்மா.

“அதப் போட்டா அர மணிக்கொரு தரம் வருதுங்க. பஸ் ஏறுறதுக்குள்ள அடங்கட்டும்னு மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். ஆம்பளைங்க எறங்கி ஓரமா நின்னுக்குவாங்க. நான் எங்க போறது? கண்டக்டர்கிட்டப் போயி சொல்லச் சொல்றீங்களா?”

 

மாத்திரையை எண்ணி எண்ணி வைத்த நான், இந்த ஒன்றை யோசிக்கவில்லையே! கல்லூரிக்குப் பஸ்ஸில் போன மூன்று வருடமும், வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடாமல் இருந்தவள்தானே நானும்? எனக்கே எப்படித் தோன்றாமல் போனது?

உங்கள் வீட்டு அம்மாவும் முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாரோ என்னவோ... ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பயண நாளில் எத்தனை மணிக்கு மாத்திரை போடலாம் என்று டாக்டரம்மாவிடமே எழுதி வாங்கிவிட்டேன். அவர் சொல்கிறபடி நேரத்தை மாற்றலாம். நாமாக நிறுத்தத்தான் கூடாதாம்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றும் அனுமதி கொடுத்துவிட்டார். பெரம்பலூரில் ரயில் கிடையாது. அதனால் என்ன? நேற்று அரியலூர் ஸ்டேஷனுக்கே போய் இரண்டு டிக்கெட் எடுத்து வந்துவிட்டேன் — பெட்டிக்கு நான்கு கழிவறை!